மலேரியாவுக்காகப் பிறந்ததல்ல அந்த மாற்றம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் தாங்கள் வெளியிட்ட அரிவாள் செல் இரத்தசோகை பற்றிய கட்டுரையை, நீலகிரியில் நெடுங்காலம் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் மிகுந்த ஆர்வத்தோடு படித்தேன். நோயாளிகள் படும் வலியையும் இரத்தப் பரிசோதனையின் தேவையையும் கட்டுரை நன்றாகவே எடுத்துச் சொல்கிறது. ஆனால் அதன் நடுவே, "மலேரியாவிலிருந்து தப்பிப்பதற்காக மனித உடல் தன் மரபணுவை மாற்றிக்கொண்டது" என்று ஒரு வாக்கியம் வருகிறது. இதைச் சொல்வழக்கின் தளர்ச்சி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பரிணாமத்தைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்களில் பெரும்பகுதி இந்த 'ஆக' என்னும் சொல்லுருபுக்குள்தான் குடியிருக்கிறது.

நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில், ஆறாவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் 'ஜி.ஏ.ஜி.' என்ற டி.என்.ஏ. மூன்றெழுத்தின் நடுவெழுத்து மாறி 'ஜி.டி.ஜி.' ஆயிற்று. அதனால் 146 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியில், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் வந்து உட்கார்ந்தது. நோயாளிகளின் ஹீமோகுளோபினே வேறுபட்டது என்பதை 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினர். அந்த வேறுபாடு ஒரே ஒரு அமினோ அமிலத்தில் இருக்கிறது என்பதைச் சில ஆண்டுகள் கழித்து வெர்னான் இங்கிராம் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய இந்த மரபணுப் பிரதியைப் பெற்ற குழந்தையின் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன; 120 நாள் வாழ வேண்டிய அணு இருபது நாளுக்குள் சிதைந்துவிடுகிறது. ஒரு பிரதி மட்டும் பெற்றவரோ பெரும்பாலும் நலமாக இருக்கிறார். அதோடு, கடுமையான மலேரியா அவரை எளிதில் வீழ்த்துவதில்லை என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954இல் வெளியிட்டவர் ஆண்டனி ஆலிசன்.

இதில் எந்த இடத்திலும் உடல் எதையும் தீர்மானிக்கவில்லை. என்றோ ஒரு மனிதரிடம் கருமுட்டையோ விந்தணுவோ உருவாவதற்காக டி.என்.ஏ. படியெடுக்கப்பட்டபோது ஓர் எழுத்து பிசகியது. கொசுவைப் பற்றி அந்தப் பிசகுக்கு ஒன்றும் தெரியாது. இத்தகைய பிசகுகள் அரிதானவையும் அல்ல. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறத்தாழ அறுபது, எழுபது இருக்கின்றன; தந்தையின் வயது கூடக்கூட அந்த எண்ணிக்கையும் கூடுகிறது. அவற்றில் மிகப் பல நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. மலேரியா பரவிய நிலத்தில் இந்தக் குறிப்பிட்ட பிசகைச் சுமந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகப் பிழைத்து, வளர்ந்து, தாமும் பிள்ளை பெற்றார்கள். மாற்றம் முன்னது, தேர்வு பின்னது. கட்டுரையாளர் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்கிவிட்டார்.

தேவையறிந்து உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது என்றால், இருவரும் ஒரு பிரதி பெற்ற தம்பதியின் பிள்ளைகளில் சராசரியாக நால்வரில் ஒருவரைக் கொடிய நோய்க்குப் பலிகொடுக்கும் ஏற்பாட்டையா அது தேர்ந்தெடுத்திருக்கும்? அதே ஆறாம் இடத்தில், அதே மூன்றெழுத்தில், முதலெழுத்து மாறி 'ஏ.ஏ.ஜி.' ஆகும்போது ஹீமோகுளோபின் சி என்ற வேறொரு வகை உருவாகிறது. இரு பிரதிகள் பெற்றவருக்கும் அதனால் லேசான சோகையே வரும்; மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இவ்வளவு மலிவான வழி பக்கத்து எழுத்திலேயே இருந்தும், அது முக்கியமாக மேற்கு ஆப்பிரிக்காவில்தான் வேரூன்றியிருக்கிறது. கிடைத்ததிலிருந்துதான் இயற்கைத் தேர்வு பொறுக்க முடியும். வேண்டியதை வரவழைக்க அதனால் முடியாது.

இது வெறும் தர்க்கம் அன்று. சோதித்துப் பார்க்கப்பட்ட உண்மை. 1943இல் சால்வடார் லூரியாவும் மேக்ஸ் டெல்புரூக்கும் பாக்டீரியாவைப் பல சிறு குழாய்களில் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொரு குழாயில் இருந்ததையும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டில் தனித்தனியே ஊற்றினார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் எதிர்ப்பாற்றல் தோன்றுகிறது என்றால், எல்லாத் தட்டுகளிலும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பல தட்டுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை அல்லது ஒரு சில பிழைத்தன. வேறு சிலவற்றில் ஏராளமாகப் பிழைத்திருந்தன. வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே, குழாய்க்குள் முன்னதாகவோ பின்னதாகவோ நேர்ந்த மாற்றங்களே அந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம்.

'கிருமிக்கு மருந்து பழகிவிட்டது' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். எந்தக் கிருமியும் பழகுவதில்லை. காசநோய்க் கிருமிகளில் ஐசோனியசிட் என்ற மருந்தை எதிர்ப்பவை பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசின் என்ற மருந்தை எதிர்ப்பவை பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில், நோயாளி முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே நுரையீரலில் இருக்கின்றன. ஒரு புண்குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதை எதிர்க்கும் சில மிஞ்சிவிட வாய்ப்பு மிகுதி. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்து 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு கண்டதும் இதைத்தான். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமியோ கோடிக் கோடியில் ஒன்று. காசநோய்க்கு ஒரே நேரத்தில் பல மாத்திரைகளும், அவற்றை இடைவிடாமல் பல மாதங்களும் தருவதன் கணக்கு இதில் அடங்கியிருக்கிறது. கிருமி மருந்தைக் கண்ட பிறகு தேவைக்கேற்ப மாறுகிறது என்பது உண்மையானால், இந்தப் பெருக்கல் கணக்குக்குப் பொருளே இல்லை.

சொற்களுக்கும் இதில் பங்குண்டு. இத்தகைய பிசகைக் குறிக்கப் பாடநூலில் உள்ள 'சடுதி மாற்றம்' என்ற சொல், அந்திப் பூச்செடிகளை ஆராய்ந்து, புதிய இனம் ஒரே தாவலில் தோன்றுகிறது என்று நம்பிய ஹ்யூகோ டி விரீஸின் காலத்து எண்ணத்தை இன்னும் சுமக்கிறது. 'பிறழ்வு' என்றாலோ மாறியவரிடம் ஏதோ கோணல் இருப்பது போல ஒலிக்கிறது. வெறுமனே 'மரபணு மாற்றம்' என்றால் மாணவர்கள் உடனே பி.டி. கத்தரிக்காய்க்குப் போய்விடுவார்கள். இதற்கு என்னிடமும் நல்ல மாற்றுச் சொல் இல்லை.

கட்டுரையில் நீலகிரிப் பழங்குடியினரைக் 'குறையுள்ள இரத்தம் கொண்ட மக்கள்' என்று குறிப்பிட்டிருப்பதையும் நான் ஏற்கவில்லை. இங்குள்ள மலைவாழ் மக்களிடம் இந்த மரபணு இருப்பதை 1952இலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் குறையைத் தேடினால் அது மலையோடு நிற்காது. இதயத் தசைக்கான மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதை, தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2009இல் வெளியிட்டது. அது பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே இதயத்தைத் தளரச் செய்கிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுவதால் இயற்கைத் தேர்வின் சல்லடையில் அது சிக்குவதில்லை. சமவெளியில் யாரையும் இதற்காகக் குறையுள்ள இதயம் கொண்ட மக்கள் என்று நாம் அழைப்பதில்லை.

இறுதியாக, பெட்டிச் செய்தியில் ஒரு பிரதி பெற்றவர்களையும் 'நோயாளிகள்' என்றே எழுதியுள்ளீர்கள். அவர்கள் அந்த மரபணுவைச் சுமக்கும் கடத்திகள் மட்டுமே. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு திருமணம் பேசும் குடும்பங்கள் இங்கே இருப்பதால், இந்த ஒரு சொல்லையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அப்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: இருவரும் கடத்திகளாக உள்ள தம்பதிக்கு நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஒவ்வொரு கருத்தரிப்பிலும் புதிதாக நான்கில் ஒன்று; முதல் குழந்தை நோயோடு பிறந்துவிட்டது என்பதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்கிடக் கூடாது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.