ஆட்ட நேரம் ஏன் மாறியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 மார்ச் 8, 9 ஆகிய நாள்களில் மொரீஷியஸில் நடந்த கல்லூரி மாணவியர் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். தம் பேத்தியின் ஆட்டம் காலை 9.20க்கு என்று அச்சிட்ட தாளில் இருந்ததாகவும், பிள்ளையை அழைத்துக்கொண்டு திடலுக்கு வந்த பிறகே அது 11 மணிக்குத் தள்ளிப்போனது தெரியவந்ததாகவும், அதற்கு முன்பும் நாளும் நேரமும் மாறிமாறி மொத்தம் மூன்று மாற்றங்கள் நடந்ததாகவும், அமைப்பாளர்களுக்குப் பொறுப்பு போதாது என்றும் அவர் வருந்தி எழுதியிருந்தார். 'அமைப்பாளர்கள்' என்று பன்மையில் சொல்லுமளவுக்கு அங்கே ஆள் இல்லை, நான் ஒருவன்தான். மாற்றங்களும் மூன்றல்ல, நான்கு. நாள் இரண்டு முறையும் நேரம் இரண்டு முறையும் மாறின. பெரியவர் ஒன்றைக் குறைத்தே எழுதியிருக்கிறார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே கல்லூரி என்றால் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள் நடக்கும் பள்ளிக்கூடம். அதன் தலைமையாசிரியரை ரெக்டர் என்று அழைப்போம். நான் அப்படியொரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். மாலை வகுப்புகள் முடிந்த பிறகு மாணவியருக்குக் கூடைப்பந்துப் பயிற்சி அளிக்கிறேன். போட்டி நடத்துவது என்றால் பந்தும் விசிலும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் மேசையில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான கடிதக் கோப்பு ஒன்று இருக்கிறது. நான் அனுப்பியவற்றின் நகல்கள் மட்டும் அதில் ஒரு விரற்கடை கனம் வரும். வந்த பதில்கள் அதில் பாதிகூட இல்லை. பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை வராமல் போன அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

முதலில் நாள் மாறிய கதை. உள்ளரங்கம் ஒன்றும் அதை ஒட்டிய திறந்தவெளித் தளம் ஒன்றும் வேண்டுமென்று அதை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு ஜனவரித் தொடக்கத்தில் எழுதினேன். பிப்ரவரி 8, 9 தருகிறோம் என்று பதில் வந்தது. அவ்வாண்டு தைப்பூசக் காவடி பிப்ரவரி 11. கொடியேறியதிலிருந்து பத்து நாள் விரதம். எங்கள் அணியிலேயே மூன்று பெண்கள் பால்குடம் எடுப்பவர்கள். விரதத்தின் ஏழாம் எட்டாம் நாளில், ஒரு வேளை உணவோடு, ஆட்டம் முழுக்க ஓடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு நாள் கேட்டேன். பிப்ரவரி 22, 23 கிடைத்தது. அதுவும் ஆகவில்லை. 26ஆம் தேதி மகா சிவராத்திரி. அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் கூட்டமும் அவர்கள் சுமந்து வரும் காவடித் தேர்களும் சாலையை நிறைத்துவிடும். குட்லேண்ட்ஸிலிருந்தும் ஃப்ளாக்கிலிருந்தும் வரவேண்டிய அணிகள் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று எந்தக் கடிதத்தாலும் உறுதி சொல்ல முடியாது. எனவே மார்ச் 8, 9. இந்த இரண்டு மாற்றங்களையும் எல்லா அணிகளுக்கும் மூன்று வாரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

மூன்றாவது மாற்றம் என் தவறு. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. காவடியையும் சிவராத்திரியையும் பார்த்துப் பார்த்து நாள் குறித்தவன், மார்ச் முதல் வாரத்திலேயே ரமலான் நோன்பு தொடங்கிவிடும் என்பதை மறந்துபோனேன். சனிக்கிழமை காலையில் பாதிப் பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்குமே என்று ஆட்டங்களை மதியம் 12.30க்குத் தொடங்குவதாக எழுதியிருந்தேன். போர்ட் லூயியிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மையாரின் கடிதம் வந்தது. என் அணியில் ஐந்து பேர் நோன்பிருக்கிறார்கள், விளையாட மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, ஆனால் வெயில் ஏறுவதற்கு முன் கூரையுள்ள தளத்தில் எங்கள் ஆட்டங்களை முடித்துத் தர இயலுமா என்று கேட்டிருந்தார். குறை சொல்லும் தொனி அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. அதனாலேயே எனக்குக் கூடுதல் வெட்கம். அன்று மாலையே, ஆட்டங்கள் காலை 8.30க்குத் தொடங்கும் என்று மாற்றி எழுதினேன். டியூஷன் ஆசிரியர்களிடமிருந்து வந்த வசவுகள் கோப்பில் இல்லை. அவை தொலைபேசியில் வந்தவை.

இனி நான்காவது மாற்றம், பெரியவரைக் காக்கவைத்தது.

எட்டு அணிகள் என்று திட்டமிட்டிருந்தேன்: மொரீஷியஸிலிருந்து ஏழு, பக்கத்திலுள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து விருந்தினராக ஒன்று. எட்டு என்றால் நான்கு நான்காக இரண்டு பிரிவுகள். பிரிவுக்கு ஆறு ஆட்டம், ஆகப் பன்னிரண்டு. இரண்டு தளங்களில் ஐம்பது நிமிடத்துக்கு ஒன்றாக ஓட்டினால் மதியம் ஒன்றரைக்குள் முதல் நாள் முடியும். மறுநாள் அரையிறுதி இரண்டு, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று. பள்ளிப் போட்டி என்பதால் கால்பகுதிக்குப் பத்து நிமிடம் என்ற விதியை எட்டாகக் குறைத்து, கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடுவது என்று முடிவு. இவ்வளவு கணக்கும் 'எட்டு' என்ற ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண் அசைந்தால் பிரிவு, நேரம், நடுவர், பேருந்து, சாப்பாடு எல்லாம் அசையும்.

பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் ரியூனியனைத் தாக்கியது தங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 3, திங்கட்கிழமை, அங்கிருந்து பிரெஞ்சில் நான்கு வரி மின்னஞ்சல் வந்தது. பயிற்சிக்கூடத்தின் கூரை போய்விட்டது. இரண்டு பெண்களின் வீடுகளிலும் அப்படியே. எங்களால் வர இயலாது, மன்னியுங்கள். இங்கே இன்னும் மின்சாரம் வரவில்லை, கைபேசியில் மிச்சமிருப்பதைக் கொண்டு எழுதுகிறேன், உங்கள் அட்டவணைக்கு இது தெரிந்தாக வேண்டும் அல்லவா என்று முடிந்திருந்தது. கீழே இருந்தது ஆறுமுகம் என்ற நம் தமிழ்ப் பெயர்தான். பிரெஞ்சு எழுத்துகளில் புகுந்து, பார்த்தவுடன் அடையாளம் தெரியாத வேறொரு உருவத்தில் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வந்த பதில்களிலேயே மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் அதுதான்.

இதற்கு மாறாக, என் கல்லூரியிலிருந்து பேருந்தில் இருபது நிமிடத் தொலைவிலுள்ள ஒரு கல்லூரிக்கு நான் எழுதிய கடிதங்கள் நான்கு: ஜனவரி 14, பிப்ரவரி 4, பிப்ரவரி 18, மார்ச் 3. ஒன்றுக்கும் பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்த மூன்று முறையும் ரெக்டர் கூட்டத்தில் இருந்தார். மார்ச் 5 மாலை வரை பார்த்துவிட்டு அவர்கள் பெயரை அடித்தேன். ஆறு அணிகள், மும்மூன்றாக இரண்டு பிரிவுகள், ஆறே ஆட்டங்கள், பதினொரு மணிக்கெல்லாம் முதல் நாள் முடிந்துவிடும் என்று வியாழக்கிழமை தாளை அச்சிட்டு அனுப்பினேன். பெரியவர் கையில் இருந்தது அந்தத் தாள்தான்.

சனிக்கிழமை காலை 8.05 மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. பச்சைச் சட்டையில் பத்துப் பெண்கள் இறங்கினார்கள். இறங்கியவுடன் மதில் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து காலணிக் கயிறுகளை இறுக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து போய், வளையத்துக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உடன் வந்த ஆசிரியரிடம், பதில் ஒன்றுகூட வரவில்லையே என்று கேட்டேன். அவர் உண்மையிலேயே வியப்படைந்தார். "வருவதாக இருந்தால் எதற்கு சார் பதில்? வராவிட்டால்தானே சொல்லவேண்டும்?" என்றார். கிரியோல் மொழியில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. கடிதம் கிடைத்தது, படித்தார்கள், பயிற்சி எடுத்தார்கள், வேன் பிடித்தார்கள், வந்தார்கள். எனக்குச் சொல்வது ஒன்றைத்தான் விட்டுவிட்டார்கள்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்களைத் திருப்பி அனுப்ப என்னால் ஆகவில்லை. விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று நண்பர்கள் இருவர் பிறகு சொன்னார்கள். அவர்கள் அந்தக் காலையில் அங்கே இல்லை. புள்ளிப் பதிவு மேசையிலேயே தாளைத் திருப்பிப்போட்டு ஏழு அணிகளுக்குப் புதிய அட்டவணை எழுதினேன். ஒரு பிரிவில் நான்கு, மற்றதில் மூன்று; ஆட்டங்கள் ஆறும் மூன்றுமாக ஒன்பது. போர்ட் லூயி அணிக்குக் கொடுத்த காலை நேரங்களைத் தொடக்கூடாது. எந்த அணியும் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆடக்கூடாது. புதிய அணி போய்ச் சேர்ந்தது பெரியவரின் பேத்தி இருந்த பிரிவில். அந்தப் பெண்ணின் ஆட்டம் 9.20இலிருந்து 11க்குப் போனது இப்படித்தான். பதினொன்றரை வரை என்று பேசியிருந்த நடுவர்கள் நால்வரையும் மேலும் ஓரிரு மணி நேரம் இருக்கும்படி கெஞ்ச வேண்டியதாயிற்று. அதில் ஒருவருக்கு உறவினர் வீட்டுத் திருமணம். வேட்டியும் சட்டையும் காரில் தொங்கிக்கொண்டிருந்தன.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆறு அணிகள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், மேசையில் உதவிய மாணவர்கள் என்று தொண்ணூறு பேருக்குப் பருப்புப் பூரி, ஆளுக்கு ஒரு ஜோடியாக, முன்பே எழுதிக்கொடுத்திருந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு இல்லை. நோன்பிருந்த ஐந்து பெண்களின் பொட்டலங்களை அவர்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். மீதி ஐவருக்கு, எங்கள் பெண்கள் தங்கள் ஜோடியைப் பிரித்து ஒன்றொன்றாகக் கொடுத்தார்கள். அவரை விதைக் குழம்பு எல்லாருக்கும் போதவில்லை. பிள்ளைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு. கடைக்காரரிடம் முன்பே நூறு என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம் அது.

பதில் வந்த கடிதங்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மாஹெபூரிலிருந்து மூத்த பயிற்சியாளர் ஒருவர், சட்டை எண்கள் 4 முதல் 15 வரைதான் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினார். அது பழைய விதி, இப்போது 0, 00, அதோடு 1 முதல் 99 வரை அனுமதி உண்டு என்று நான் எழுத, அவர் அதை ஏற்றுக்கொண்டு, ஆனாலும் தம் அணி பழைய எண்களிலேயே வரும் என்று மறுபடி எழுதினார். வந்தது. இன்னொருவர், மகளிர் ஆட்டம் என்பதால் 6ஆம் எண் பந்தா, தம்மிடம் 7 மட்டுமே இருக்கிறதே என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி வந்ததால்தான் கூடுதலாக நான்கு பந்துகள் இரவல் வாங்கி வைத்தேன். ஒரு வரிக் கேள்விகூட அமைப்பவனுக்கு உதவி.

இந்த நாட்டில் அலுவலகக் கடிதம் ஆங்கிலத்தில், பத்திரிகை அறிவிப்பு பிரெஞ்சில், பேச்சு கிரியோலில். என் கோப்பில் தமிழில் எழுதியது ஒன்றே ஒன்று. வெளியூர்ப் பிள்ளைகள் இளைப்பாற மண்டபம் கேட்டு ஒரு கோயில் சங்கத்துக்கு எழுதியது அது. அங்கிருந்து செயலாளர் அன்போடு அழைத்து, மண்டபம் தருகிறோம் சார், ஆனால் கமிட்டியில் வைக்க ஆங்கிலத்தில் ஒரு நகல் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். தமிழ் வாத்தியாருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் மறுநாளே பதில் சொன்னார். மண்டபத்தின் சாவியும் சனிக்கிழமை ஏழரைக்குத் தயாராக இருந்தது.

தங்கள் நாளிதழைப் படிக்கும் சங்கச் செயலாளர்களும் ஆசிரியர்களும் ரெக்டர்களும் இங்கே உண்டு. அவர்களிடம் நான் கேட்பது பணமோ கோப்பையோ அல்ல. அழைப்புக் கடிதம் வந்தால் வருகிறோம் அல்லது வரவில்லை என்று ஒரு வரி, குறிப்பிட்ட நாளுக்குள். இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையும் ஒரு வரியில். வருகிறவர்களும் பதில் எழுத வேண்டும் என்பதை அந்தப் பச்சைச் சட்டை அணியின் ஆசிரியர் இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டார். போட்டி முடிந்த மறுவாரம் அவரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது.

அடுத்த போட்டியை இரண்டாம் பருவத்தில், மழையும் விரதங்களும் குறைந்த ஜூலையில் வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். இம்முறை ஒவ்வோர் அழைப்போடும் பெயர், முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய பதில் அட்டை ஒன்று செல்லும். வருகிறோம், வரவில்லை என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் குறியிட்டுப் பெட்டியில் போட்டால் போதும். நோன்பு, விரதம், தேர்வு ஏதும் அந்த நாள்களில் உண்டா என்று எழுத அதற்குக் கீழே இரண்டு கோடுகளும் விட்டிருக்கிறேன்.

கடிதம் எழுதிய பெரியவரை ஒரு மணி நாற்பது நிமிடம் திறந்தவெளியில் காக்கவைத்ததற்காக வருந்துகிறேன். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடக்கூட ஆள் இல்லாமல் போனது. ஜூலையில் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் எடுத்துவைக்கிறேன். அவர் பேத்தி இரண்டாவது ஆட்டத்தில் இடக்கையால் போட்ட கடைசிப் பந்தைப் பற்றியும் நேரில் பேச வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.