பீங்கான் பொம்மையா, ரெசின் பொம்மையா?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "இரண்டில் எது நீடித்து நிற்கும்?" என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். பீங்கான் கீழே விழாதவரை நூறு ஆண்டு தாண்டியும் அப்படியே இருக்கும். ரெசின், அதாவது திரவமாக அச்சில் ஊற்றி இறுக விடும் ஒருவகைப் பிளாஸ்டிக், விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் நிறம் மாறும். அதனால் பொம்மையை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்க என்றால் பீங்கான். அடிக்கடி கையில் எடுத்து, கைகால் மடக்கி, உடையும் விக்கும் (பொய்முடி) மாற்றிப் படம் எடுக்க என்றால் ரெசின்.

பீங்கான் தலை கயோலின் என்ற வெண்களிமண்ணோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் கனிமங்கள் கலந்த குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்து, ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் சுட்டது. கண்ணாடி மெருகு ஏற்றினால் அது 'சைனா'. மெருகில்லாமல் தோல் போல மங்கலாக விட்டால் 'பிஸ்க்'. கன்னச் சிவப்பையும் புருவத்தையும் தீட்டிய பிறகு 700, 800 டிகிரியில் மறுபடியும் சுடுவதால் வண்ணம் மேற்பரப்போடு உருகிச் சேர்ந்துவிடுகிறது. ஈரப் பஞ்சால் துடைத்தால் அது வராது. பஞ்சில் நிறம் ஒட்டினால், யாரோ விரிசலை அடைத்து மேலே வண்ணம் பூசியிருக்கலாம்.

பழைய பிஸ்க் தலை வாங்குவோர் விக்கைக் கழற்றிப் பார்க்காமல் பேரத்தை முடிக்க வேண்டாம். உச்சியில் உள்ள அட்டை அல்லது கார்க் மூடியையும் எடுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, சிறிய எல்.ஈ.டி. டார்ச்சைத் தலைக்குள் விடுங்கள். நல்ல பிஸ்க்கில் வெளிச்சம் சீராகப் பரவும். மயிரிழை விரிசல் கருங்கோடாகத் தெரியும். உச்சி விளிம்பிலிருந்து நெற்றிக்கு இறங்கும் இடம், காதோரம், கண் ஓட்டையின் மூலைகள், கழுத்து விளிம்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். சூளையிலேயே விழுந்த கீறல் வேறு: அதன் ஓரம் மழுங்கியிருக்கும், பெரும்பாலும் மேற்கொண்டு நீளாது. பழுது பார்த்த இடம் புற ஊதா டார்ச்சில் பெரும்பாலும் சுற்றியுள்ள பகுதியிலிருந்து மாறுபட்டு ஒளிரும்.

பிடரியில் அழுத்திய எண்ணும் பெயரும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே 'ஜெர்மனி' என்று பொறித்தவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. பெயர் இல்லை என்பதால் மட்டும் பொம்மை அதற்கு முந்தியது ஆகிவிடாது. அர்மாண்ட் மார்செயில் என்ற ஜெர்மன் பொம்மை நிறுவனத்தின் 390 எண் தலையை 'அரிது' என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். மிக அதிகமாகப் புழங்கும் எண்களில் அதுவும் ஒன்று. களிமண் சூளையில் 15 சதவீதம் வரை சுருங்கும். பழைய தலையிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் அசலைவிடச் சிறியதாக இருப்பது அதனால்தான். தலைச் சுற்றளவை அதே எண்ணுள்ள அசலோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

1980, 90களில் சான்றிதழோடு வந்த 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' பீங்கான் பொம்மைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில சான்றிதழ்களில் வரையறை எண்ணிக்கையில் இல்லை, 'இத்தனை சூளை நாட்கள்' என்றே இருக்கும். அத்தனை நாளில் எத்தனை ஆயிரம் சுட்டார்கள் என்பதை அது சொல்லாது. பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலீடாக நினைக்காதீர்கள். 'குளிர் வார்ப்புப் பீங்கான்' என்பதோ பீங்கான் தூள் கலந்த ரெசின்தான். நகத்தால் தட்டினால் 'டங்' என்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்கும்.

இனி ரெசின். ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் 1990களின் இறுதியில் 'சூப்பர் டால்ஃபி' என்ற பொம்மையைக் கொண்டுவந்த பிறகு பரவிய மூட்டுப் பொம்மைகள் பாலியூரித்தேன் ரெசினால் ஆனவை. இரண்டு திரவங்களைக் கலந்து சிலிக்கோன் அச்சில் ஊற்றி இறுக விடுவார்கள். மூட்டுகளை உள்ளே ஓடும் எலாஸ்டிக்கும் எஸ் கொக்கியும் இழுத்துப் பிடிக்கின்றன. 60 செ.மீ. பொம்மைக்குப் பொதுவாக 4 முதல் 5 மி.மீ., 40 செ.மீ. பொம்மைக்கு 3 மி.மீ., 26 செ.மீ. பொம்மைக்கு 2 மி.மீ. எலாஸ்டிக் பொருந்தும். பீங்கானில் இதே இறுக்கம் கூடாது. மூட்டு விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். தளர்வாகக் கட்டி, குழிக்குள் மெல்லிய தோல் ஒட்டுங்கள்.

ரெசின் மஞ்சளாவது தயாரிப்புக் குறை அல்ல, அந்த வேதிப்பொருளின் இயல்பு. புற ஊதா ஒளி அதை விரைவாக்கும். இருட்டிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மெதுவாக நடக்கும். உடைக்குள் இருக்கும் உடம்பைவிட முகமும் கையும் முன்னால் மாறும். ஐந்தாறு ஆண்டு கழித்துப் புதுக் கை வாங்கினால் பழைய உடம்போடு நிறம் ஒத்துப்போகாது. மாற்றுக் கைகள் வேண்டுமென்றால் பொம்மையோடு சேர்த்தே வாங்குங்கள். புற ஊதா தடுக்கும் மேற்பூச்சு தாமதப்படுத்தும், நிறுத்தாது. உப்புத்தாளால் தேய்த்து மேல்தோலை எடுத்தால் வெள்ளை திரும்பும், ஆனால் மூக்கு, உதட்டின் கூர்மையும் சேர்ந்து போகும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்து, சுவாசக் கவசம் அணிந்து தேய்க்கவும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மஞ்சளை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ரெசின் முகத்தின் வண்ணம் சுட்டதல்ல. பாஸ்டல் வண்ணத்தூள், அக்ரிலிக் வண்ணம், அதன்மேல் பளபளப்பில்லாத காப்பு ஸ்பிரே, அவ்வளவுதான். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே அடித்தால் வெள்ளைப் புகை படிந்தது போலாகும். கருப்பு, அடர்சிவப்பு, நீலத் துணிகளின் சாயம் உடம்பில் இறங்கும். உடையை முன்பே அலசி, உள்ளே வெள்ளை லைனிங் போடுங்கள். கறை பட்டால் மெலமைன் ஸ்பாஞ்ச் (கறையைத் தேய்த்தெடுக்கும் நுரைப் பஞ்சு) உதவும், வண்ணம் இல்லாத இடத்தில் மட்டும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம்.

கண் மூடித் திறக்கும் பழைய பிஸ்க் பொம்மைகளை நீண்ட நாள் வைப்பதானால் முகம் கீழே இருக்கும்படி, மெத்தென்ற துணிமேல் படுக்க வைக்கவும். மல்லாந்து கிடந்தால், கண்ணை மூடித் திறக்க வைக்கும் ஈயக் குண்டின் எடை, கண்ணைத் தாங்கும் பிளாஸ்டரைப் பெயர்க்கும். மரத்தூளும் பசையும் சேர்ந்த உடம்பில் தண்ணீர் பட்டால் உரிந்துவரும்.

பழுதுக்கு எங்களுக்கு அனுப்பும்போது, கண் குண்டு ஆடாதபடி தலைக்குள் மென்காகிதம் திணித்து, தலையைத் தனியாகச் சுற்றுங்கள். ரெசின் முகத்தில் குமிழி உறை நேரடியாகப் படக்கூடாது. வண்ணத்தில் வட்டத் தடம் விழும். உடைந்த பீங்கானை உடனடிப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள், அதைப் பிரித்து நேராக்குவது இரட்டை வேலை. சில்லு கடுகளவானாலும் காகிதத்தில் மடித்து, எந்த இடத்தது என்று எழுதி, பெட்டியில் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடையினர்