எத்தனை காலத்துக்கு என்று சொல்லாத பங்குப் பரிந்துரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிகப் பக்கத்தில் வாரந்தோறும் வரும் பங்குப் பரிந்துரைகளைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எந்தப் பங்கு, என்ன விலை, எதுவரை ஏறும் என்பதெல்லாம் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்பது மட்டும் இல்லை.

வருமான வரிக் கணக்கு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பலருடைய பங்கு வரவுசெலவு ஆண்டுதோறும் என் மேசைக்கு வரும். அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான்: காலையில் வாங்கி மாலைக்குள் விற்கலாம் என்று எடுத்த பங்கு, விலை இறங்கியதும் 'நீண்டகால முதலீடு' ஆகிவிடுகிறது. பத்து வருஷம் வைத்திருக்க வாங்கிய நல்ல பங்கோ, கொஞ்சம் ஏறியதும் விற்றுப் போய்விடுகிறது. ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985லேயே இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். இன்னும் அது மாறியபாடில்லை.

ஷிஃப்ட் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரின் கணக்கைச் சொல்ல வேண்டும். அவர் தினவர்த்தகம், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது, செய்துவந்தார். வாங்கிய நேரமெல்லாம் வேலைக்குக் கிளம்பும் முன். விற்ற நேரமெல்லாம் சந்தை மூடுவதற்குச் சற்று முன், அன்று விற்காத பங்கைப் புரோக்கரே தானாக விற்றுவிடும் அந்தக் கடைசி நிமிடங்கள். பக்கம் பக்கமாக அதேதான். வார்டில் இருப்பவர் போனைத் தொட முடியாது. ஸ்டாப் லாஸ், அதாவது குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் உத்தரவு, போட்டால் போதாதா என்று கேட்டார். போடத்தான் வேண்டும். ஆனால் திடீரென்று கெட்ட செய்தி வந்தால் விலை நாம் குறித்த இடத்தைத் தாண்டிவிடும். அடுத்துக் கிடைக்கிற விலைக்குத்தான் விற்பனையாகும். சில வாரங்கள் வைத்திருந்து விற்கும் முறையென்றால், சந்தை மூடியபிறகு வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம், அதுவே உங்கள் வேலைக்குச் சரிப்படும் என்றேன். அப்புறம், அந்தப் பணம் மூன்று வருஷத்தில் மகளின் படிப்புக்கு வேண்டும் என்றார். அப்படியானால் அது பங்குச் சந்தைக்கே வரக்கூடாத பணம்.

அடிக்கடி வாங்கி விற்பதற்கு ஆகும் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அமெரிக்காவில் பார்பர், ஓடீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991 முதல் 1996 வரை 66,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. அதே காலத்தில் சந்தை தந்தது 17.9 சதவீதம்.

அதற்காக 'நீண்டகாலம்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஜப்பான் பங்குச் சந்தையின் போக்கைக் காட்டும் நிக்கேய் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். பணம் முழுவதையும் ஒரே நாட்டில், ஒரே சமயத்தில் போடாமல் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான்.

எந்த முறையானாலும் ஒரு தடவை எவ்வளவு இழக்கலாம் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கையிருப்பில் 1 சதவீதம் வீதம் தொடர்ந்து பத்து முறை இழந்தாலும் 100இல் 90 மிஞ்சும். 10 சதவீதம் வீதம் இழந்தால் மிஞ்சுவது சுமார் 35. அதை மீண்டும் 100 ஆக்க, இருப்பது கிட்டத்தட்ட மூன்று மடங்காக வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்: ஒவ்வொரு பரிந்துரையின் கீழும் இது ஒரு நாளுக்கா, சில வாரத்துக்கா, பல வருஷத்துக்கா என்று அச்சிடுங்கள். எந்த விலைக்கு இறங்கினால் வெளியேற வேண்டும் என்பதையும் சேருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முன்பு சொன்ன பங்குகள் என்னவாயின என்ற பட்டியலை, நட்டத்தில் முடிந்தவற்றையும் விடாமல், அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வரிக் கணக்கர், உங்கள் நீண்டநாள் வாசகர்