டிஜிட்டல் போட்டி மசோதாவை அவைக்குக் கொண்டுவாருங்கள்

கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சருக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கூகுள் போன்ற மிகப்பெரிய டிஜிட்டல் நிறுவனங்கள் தங்கள் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தாமல் தடுக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை 2024 மார்ச் 12 அன்று வெளியிட்டவர்கள் நீங்கள்தான். மே 15 வரை கருத்துச் சொல்லலாம் என்றீர்கள், சொன்னோம். அதன்பின் ஆலோசனை நடக்கிறது, ஆய்வு நடக்கிறது என்ற பதில்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மசோதா இன்னும் நாடாளுமன்ற வாசலை எட்டவில்லை. அதை அவைக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்று உங்களுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. தவறு நடந்து முடிந்த பிறகு விசாரிப்பது டிஜிட்டல் சந்தையில் பயன் தராது, மிகப்பெரிய சில நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விதி வகுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரிலேயே சொன்னது. உங்கள் அமைச்சகம் அமைத்த குழுவும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

வரைவு வெளியாவதற்குச் சில நாள் முன்பு நடந்ததை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி உட்படப் பல இந்தியச் செயலிகளை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் தனக்குத் தர வேண்டிய கட்டணத்தைக் கட்டவில்லை, உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தரவில்லை என்பது கூகுளின் வாதம். அந்த வாதத்தில் சட்டப்படி நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த நீக்கத்தின் பொருளைப் பாருங்கள். இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஸ்மார்ட்போன்கள் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அந்தக் கடையில் இல்லாத செயலியைப் புதிதாக யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. வரன் தேடும் செயலிக்குப் புதுப் பதிவுதான் மூச்சு. வரன் கிடைத்தவர் போய்விடுவார், புதியவர் வர வேண்டும். வருகிற வழியை அடைத்துவிட்டால் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய நிறுவனம் எத்தனை மாதம் தாங்கும்? சம்பளத் தேதிக்கு எங்கே போவார்கள்? கட்டணத்தை நிர்ணயிப்பவரும், அது சரியா என்று தீர்மானிப்பவரும், கட்டாதவரை வெளியேற்றுபவரும் ஒரே நிறுவனம் என்றால் எதிர்த்தரப்பு எங்கே போய் நிற்கும்?

அந்த முறை தகவல் தொழில்நுட்ப அமைச்சரே தலையிட்டார், பேச்சு நடந்தது, சில நாளில் செயலிகள் திரும்பி வந்தன. நல்லதுதான். ஆனால் அமைச்சர் வரைக்கும் குரல் எட்டுமளவுக்கு அவர்கள் பெரியவர்கள். நான் ஒரு சிறிய மென்பொருள் குழுவில் வேலை செய்பவன். எங்களைப் போன்றவர்களின் செயலி முடக்கப்பட்டால் வருவது கொள்கையை மீறிவிட்டீர்கள் என்ற தானியங்கி மின்னஞ்சல். எந்தக் கொள்கை, எந்த வரி என்று கேட்டால் அதே மின்னஞ்சல் மறுபடி வரும். எங்களுக்காக எந்த அமைச்சர் பேசுவார்? அதனால்தான் சட்டம் கேட்கிறோம்.

போட்டி ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். கூகுள் மீதான ஆண்ட்ராய்டு வழக்கில் விசாரணைக்கு உத்தரவானது 2019இல், 1,337.76 கோடி ரூபாய் அபராதம் வந்தது 2022இல். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023இல் அபராதத்தை ஏற்றுக்கொண்டு, ஆணையம் இட்ட நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. பிளே ஸ்டோர் கட்டண வழக்கில் விதித்த 936.44 கோடி, 2025இல் 216.69 கோடியாகக் குறைந்தது. இந்தத் தொகை அவர்களுக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரி. இடைப்பட்ட காலத்தில் மூடிவிட்டுப் போன சிறு நிறுவனத்துக்கு எந்தத் தீர்ப்பும் உயிர் கொடுக்காது.

மசோதாவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அமெரிக்க-இந்திய வணிக மன்றம் 2024 மே மாதம் உங்களுக்குக் கடிதம் எழுதியது. எழுதுவது அவர்கள் உரிமை. ஆனால் அப்படி ஒரு கடிதம் வந்ததை நாங்கள் பத்திரிகைச் செய்தியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அமெரிக்காவில் அரசிடம் ஆதரவு திரட்டும் நிறுவனங்கள் எந்த விஷயத்துக்காக, எவ்வளவு செலவழித்தன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஆணையர்கள் யாரைச் சந்தித்தார்கள் என்று 2014 முதல் வெளியிடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு சட்டமே இல்லை. உங்கள் அறைக்குள் யார் வந்தார், என்ன சொன்னார், அதற்குப்பின் எந்தக் கோப்பு நின்றது என்பது வாக்களித்தவனுக்குத் தெரிய வேண்டாமா?

இந்திய நிறுவனங்களிலும் சில எதிர்க்கின்றன. நாளை வளர்ந்தால் நாமும் இந்த விதிகளுக்குள் சிக்குவோமே என்ற அச்சம் அவர்களுக்கு. சரி, எவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு விதி பொருந்தும் என்ற வரம்பை உயர்த்துங்கள். அதை அவையில் விவாதித்தே செய்யலாமே.

டிஜிட்டல் வரியிலும் இதைத்தான் பார்த்தோம். வெளிநாட்டு நிறுவனங்கள்மீது 2016இல் இணைய விளம்பரங்களுக்கு 6 சதவீதம், 2020இல் மின்வணிகத்துக்கு 2 சதவீதம் என்று கொண்டுவந்தோம். இரண்டாவது 2024 ஆகஸ்டில் போனது, முதலாவது 2025 ஏப்ரல் 1 அன்று போனது. மறுநாள்தான் அமெரிக்க அதிபர் டிரம்ப் உலகம் முழுவதற்கும் இறக்குமதி வரிகளை அறிவித்தார். அவர் பதவியேற்ற விழாவில் கூகுள், மெட்டா, அமேசான் தலைவர்கள் வருங்கால அமைச்சர்களுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்ததை உலகமே பார்த்தது. அதே ஆண்டு ஜூனில் அவர் வர்த்தகப் பேச்சை முறித்ததும், கனடா தன் டிஜிட்டல் வரியை முதல் தவணை வசூலாவதற்கு முந்தின இரவு கைவிட்டது. யாருடைய வரியை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி இதையெல்லாம் பார்க்கும்போது எழத்தான் செய்கிறது. கோபமும் வருகிறது.

நம்மால் நிற்க முடியாது என்றும் இல்லை. 2016 பிப்ரவரியில், ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரங்களும் அச்சடித்தாற்போன்ற லட்சக்கணக்கான மின்னஞ்சல்களுமாக நெருக்கியபோதும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் அந்நிறுவனத்தின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு இடம் தரவில்லை. அந்த உறுதியைத்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். வரும் கூட்டத்தொடரில் டிஜிட்டல் போட்டி மசோதாவை அவைக்குக் கொண்டுவாருங்கள். வரைவின்மீது வந்த எல்லாக் கருத்துகளையும், இது தொடர்பாக நடந்த சந்திப்புகளின் பட்டியலையும் அமைச்சகத்தின் இணையதளத்தில் வெளியிடுங்கள். கொண்டுவர முடியாது என்றால் அதற்கான காரணத்தை நாடாளுமன்றத்தில் எழுத்து வடிவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலி எழுதிப் பிழைக்கும் ஒரு குடிமகன்