பிள்ளையின் சைக்கிளைப் பூட்டி வைத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், அப்பம் பாலிக் கடைக்கு முன்னால் நீங்கள் என்னை நிறுத்திக் கேட்டீர்கள். "எம் புள்ளய சாகக் கொடுக்கவா ஒன்னோட சேத்துவுட்டேன்?" எனக்கு அங்கே பதில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். மறுநாள் தம்பி, உங்கள் மகன், வந்து, நீங்கள் அவனுடைய ஃபிக்ஸி சைக்கிளை வீட்டு ஸ்டோர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டதாகச் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இதை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் ஊர் பகாவ்வில் இன்னும் மூன்று வீட்டில் இதே பயம் இருக்கிறது. அந்த அம்மாக்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தம்பி முன் பிரேக்கைக் கழற்றிவிட்டு வந்த அன்று, நாங்கள் சைக்கிள் பழகும் இடத்தில்தான் நானும் இருந்தேன். "இப்பதாண்ணே பார்க்க அழகா இருக்கு" என்றான். கம்பி, பிடி எதுவும் இல்லாமல் ஹேண்டல் சுத்தமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் அதே சைக்கிளில், எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சடக்கு வழியாக வீட்டுக்குப் போனான். பார்த்தவர்கள் உங்களிடம் சொன்னது நல்ல காரியம். அவர்களுக்கு முன்பே நான் அவனைத் தடுத்திருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் அக்கா.

நீங்கள் "லாஜாக்" என்ற சொல்லையும் சொன்னீர்கள். அதைக் கேட்டால் இந்த மலேசியாவில் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை 3 மணிக்கு மேல் சாலையில் லாஜாக் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாம் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள். உங்கள் மகனுக்கும் அதே வயதுதான். நீங்கள் பயப்படுவது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் லாஜாக் வேறு, தம்பி வைத்திருக்கும் ஃபிக்ஸி வேறு. லாஜாக்கில் சீட்டையும் ஹேண்டலையும் இறக்கி, பிரேக்கை எடுத்துவிட்டு, மேட்டிலிருந்து குப்புறப் படுத்துக்கொண்டு இறங்குவார்கள். சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும், கால் சும்மா இருக்கும். ஃபிக்ஸியில் கால் ஒரு நொடிகூடச் சும்மா இருக்க முடியாது. நம் வீட்டுச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பின்னால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அது ஃப்ரீவீல் சத்தம். ஃபிக்ஸியில் அந்த ஃப்ரீவீல் கிடையாது. பின் பல்சக்கரம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்போடு ஒன்றாகப் பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆகவேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். பெடலைப் பின்னால் மிதித்தால் சைக்கிளும் பின்னால் போகும்.

இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. தம்பியின் சைக்கிளில் முன்னால் 46 பல், பின்னால் 17 பல். பெடல் ஒரு சுற்று வந்தால் சைக்கிள் ஏறக்குறைய 5.7 மீட்டர் நகரும். சமதரையில் அது சுகமான கணக்கு. ஆனால் இறக்கத்தில் வேகம் 40 கிலோமீட்டரைத் தொட்டால் அவன் கால் நிமிடத்துக்கு 117 சுற்று சுற்றியாக வேண்டும். அதற்கு மேல் போனால் பழகாத கால் தாங்காது. பெடல் காலை உதறிவிடும். அந்த நேரத்தில் முன் பிரேக் இல்லையென்றால் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை.

இதை நான் என் உடம்பில் அனுபவித்திருக்கிறேன். எனக்கு அப்போது 19 வயது. ஒரு கடையில் மலிவாக ஒரு பின் சக்கரம் வாங்கினேன். ஃபிக்ஸி ஹப்பில் இரண்டு மரை இருக்க வேண்டும் அக்கா. பல்சக்கரம் வலது மரையில் ஏறும், அதாவது வலப்பக்கம் திருகினால் இறுகும். நாம் பெடலை எதிர்த்து அழுத்தும்போது அது கழன்று வரப் பார்க்கும். அதைத் தடுக்க அதன்மேல் லாக்ரிங் என்று ஒரு வளையம் இடது மரையில், எதிர்ப்பக்கம் திருகி, ஏறும். பல் கழலப் பார்த்தால் வளையம் இன்னும் இறுகும். எனக்குக் கொடுத்த ஹப்பில் அந்த இரண்டாவது மரையே இல்லை. சாதாரண சைக்கிள் ஹப்பில் பல்லை ஏற்றிப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். எனக்கும் விவரம் பத்தவில்லை. செம்பனை ஆலைக்குப் பக்கத்து இறக்கத்தில் காலை இறுக்கினேன். 'மடக்' என்று ஒரு சத்தம். பெடல் பின்பக்கமாக வெறுமனே சுற்றியது, சைக்கிள் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பிரேக் இல்லை. செம்பனை வரிசைக்கு நடுவில் வெட்டியிருந்த கால்வாயில் போய் விழுந்தேன். இடது காறை எலும்பு உடைந்தது. ஒன்றரை மாதம் எனக்கு அம்மாதான் தலை வாரிவிட்டார்.

அதனால்தான் யார் ஃபிக்ஸி கொண்டுவந்தாலும் பெயிண்டைப் பார்க்குமுன் பின் ஹப்பைத் திறந்து பார்க்கிறேன். தம்பியின் சக்கரத்தில் இரண்டு மரையும் இருக்கிறது, லாக்ரிங் இருக்கிறது. அதை இறுக்கியது நான். ஆனால் முன் பிரேக் விஷயத்தில் கோட்டை விட்டேன். நிறுத்தும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகும். பின் டயரை மட்டும் வழுக்கவிட்டு நிறுத்தப் பார்த்தால், முன் பிரேக்கில் நிற்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். சடக்கில் குறுக்கே ஒரு மாடு வந்தால் அந்த மிச்சத் தூரத்துக்கு எங்கே போவது?

"அசிசுல்ஹஸ்னி சைக்கிள்ல மட்டும் பிரேக் இருக்காண்ணே?" என்று தம்பி கேட்டான். உங்களிடமும் கேட்டிருப்பான். நியாயமான கேள்விதான். நம் நாட்டுச் சைக்கிள் பந்தய வீரர், டுங்குன்காரர் அசிசுல்ஹஸ்னி அவாங் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும், 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனதும், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியதும் பிரேக் இல்லாத ஃபிக்ஸியில்தான். ஆனால் அது வெலோட்ரோம், சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய ஓடுதளம். எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுவார்கள். முச்சந்தி கிடையாது, லாரி கிடையாது. நெருக்கமாகப் போகும் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அவர்மேல் ஏறிவிடுவார். அங்கே பிரேக் வைக்காமல் இருப்பது பாதுகாப்புக்காகத்தான். அப்படி இருந்தும் 2011இல் மான்செஸ்டரில் அவர் விழுந்தபோது, ஓடுதளத்து மரச்சிம்பு ஒன்று, 20 சென்டிமீட்டர் நீளம், அவர் கெண்டைக்காலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. அதோடு எழுந்து சைக்கிளில் ஏறிக் கோட்டைத் தாண்டினார். தம்பி அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறான். அவர் எழுந்ததை மட்டும்தான் அவன் பார்க்கிறான். அந்த வயசு அப்படி.

சரி, இவர்கள் என்னதான் பழகுகிறார்கள் என்று நீங்கள் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். நாங்கள் கூடுவது தோட்டத்துப் பழைய ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு முன்னால் இருக்கிற சிமெண்டுத் தரையில். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நம் பெரியவர்கள் வரிசையாக நின்ற அதே இடம். உங்கள் மாமனார் ரப்பர் மரத் தீம்பாரிலிருந்து சைக்கிள் கேரியரில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதும் அங்கேதான்.

அங்கே சாக்கட்டியால் ஒரு கட்டம் போடுவோம், இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். அதற்குள் சைக்கிளில் உட்கார்ந்தபடி கால் ஊன்றாமல் நிற்க வேண்டும். டிராக் ஸ்டாண்ட் என்று பெயர். பெடல் இரண்டும் தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும். இடது கால் முன்னால் இருந்தால் ஹேண்டலை இடது பக்கம் திருப்பி, ஒரு விரற்கடை முன்னால், ஒரு விரற்கடை பின்னால் என்று சைக்கிளை அசைத்துக்கொண்டே நிற்பது. தம்பி முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிடுவான். போன மாதம் நான் நாற்பது வரை எண்ணினேன். அந்த நாற்பது எண்ணுக்கும் அவன் முகம் எப்படி இருந்தது தெரியுமா அக்கா? எதிரே எங்கேயோ ஒரு புள்ளியைப் பார்த்தபடி, வாய் லேசாகத் திறந்து, மூச்சு மட்டும் வந்துபோனது. அதை நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அப்புறம் ஸ்கிட். உடம்பை முன்னால் சாய்த்துப் பின் சக்கரத்தின் மேலிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டு, பின்கால் கீழே அழுத்த, முன்கால் பெடல் வாரைப் பிடித்து மேலே இழுக்க, டயர் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் தம்பியின் சைக்கிளில் 48க்கு 16 பல் இருந்தது. வகுத்தால் சரியாக 3. பெடல் ஒரு சுற்றுக்குப் பின் சக்கரம் மூன்று முழுச் சுற்று. ஒரே காலை முன்னால் வைத்து ஸ்கிட் அடித்தால் ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம்தான் தரையில் தேயும். மூன்று வாரத்தில் அவன் டயர் அந்த இடத்தில் நூல் தெரியத் தேய்ந்தது. ஏன் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "அண்ணே, 17 பகா எண். 46க்கு 17 போட்டா டயர் பதினேழு இடத்துல மாறி மாறித் தேயும்." அந்த நோட்டு உங்கள் வீட்டில்தான் இருக்கும், கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

பழைய ராலே சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமனாரின் பால் சைக்கிளை இவன் அறுத்துப் போட்டுவிடுவான் என்று நீங்கள் பயந்ததாகக் கேள்விப்பட்டேன். அவனுக்கு அந்த ஆசை இருந்தது உண்மை. நான்தான் வேண்டாம் என்றேன். அந்தக் கால ராலேயில் பெடல் அச்சுப் போகும் குழலின் மரை அங்குலத்துக்கு 26. இப்போது கடையில் கிடைக்கிற சாமான் பெரும்பாலும் 24. பொருந்தாததைத் திணித்தால் மரை போய்விடும், சைக்கிளும் போய்விடும். இது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் கேரியரில் பால் உறைந்து கறுத்த தடம் இன்னும் இருக்கிறது. அதைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பி புரிந்துகொண்டான். தன் சைக்கிளுக்கு வேண்டிய நிறத்தை மட்டும் தாத்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டான். மரத்தில் பால் வடியும் மங்கின் அந்தச் செம்பழுப்பு. மூன்று கடை ஏறி இறங்கி, ஸ்ப்ரே டப்பாக்களை மங்கோடு ஒட்டிவைத்துப் பார்த்து வாங்கினான்.

நான் இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன், முன் பிரேக் இல்லாத சைக்கிள் அந்தச் சிமெண்டுத் தரைக்கு வரக்கூடாது. ஹேண்டலை முழுச் சுற்றுச் சுற்றும் வித்தைக்குப் பிரேக் கம்பி இடைஞ்சல் என்று பெரிய பையன்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த வித்தைக்கென்று பிரேக் இல்லாத ஒரு சைக்கிள் ஸ்டோருக்குள்ளேயே இருக்கும், என் பூட்டில். அது சடக்குக்கு வராது. மழை ஈரத்திலும், லாரியிலிருந்து விழுந்த பழம் நசுங்கி வழவழவென்று கிடக்கும் இடத்திலும் யாரும் ஓட்டக் கூடாது. தலைக்கவசம் இல்லாதவன் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். செயினைத் துடைக்கும்போது சக்கரத்தைச் சுற்றவிட்டு விரலைக் கிட்டே கொண்டுபோனால் அன்றைக்கு அவனுக்குச் சைக்கிள் இல்லை. ஃபிக்ஸிச் செயின் விரல் மாட்டினாலும் நிற்காது அக்கா, சக்கரத்தோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஷூ கயிற்றை உள்ளே செருகச் சொல்லி நான் கத்துவது அதனால்தான்.

பள்ளி விடுமுறையில் காரில் நீலாய்க்குப் போகலாம் என்று நினைக்கிறேன். தேசிய வெலோட்ரோம் அங்கேதான் இருக்கிறது. 250 மீட்டர் மரத் தளம், வளைவில் சுவர்போல் எழுந்து நிற்கும். நீங்களும் வாருங்கள். கோலா பிலாவைத் தாண்டிப் புக்கிட் புத்துஸ் இறக்கம் வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, இங்கே மட்டும் ஃபிக்ஸி கூடவே கூடாது என்று இவனுக்குக் காட்ட வேண்டும். நான் சொல்வதைவிட நீங்கள் பக்கத்தில் நின்றால் மண்டையில் ஏறும்.

முன் பிரேக் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு பால் ஸ்டோர் பக்கம் இருப்பேன். உங்கள் வீட்டு ஸ்டோர் அறைச் சாவியை நீங்களே வைத்திருங்கள். சைக்கிளைத் தம்பியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டு வரவேண்டாம். உங்கள் கண்ணெதிரிலேயே பிரேக்கை மாட்டுகிறேன். பிடியை நீங்கள் அழுத்திப் பாருங்கள், சக்கரம் நிற்கிறதா என்று பாருங்கள். அவன் கட்டத்துக்குள் நிற்பதையும் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் சைக்கிளை நானே உங்கள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே வைத்துவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை மழை பெய்தால் ஞாயிறு, அதே நேரம்.

அன்புடன்,
பால் ஸ்டோர்ப் பக்கத்துத் தம்பி