அரையாண்டு நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

மழை விடுமுறைகளுக்கு நடுவிலும் அரையாண்டுத் தேர்வு குறித்த நாட்களில் நடந்து முடிந்தது. விளையாட்டிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றுள்ளனர். அனைவருக்கும் பாராட்டுகள்.

இத்துடன், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் குறிப்பேடு குறித்தும் எழுத வேண்டியுள்ளது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையில் சோதனை செய்து பார்க்கும் மாதிரிகளைக் கொண்டு, நம் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஊசல் பாடம் நடத்தப்படுகிறது. நூலின் நீளத்தையும் குண்டின் நிறையையும் திரையில் மாற்றிப் பார்ப்பதற்கு முன், என்ன நடக்கும் என்ற தம் கணிப்பை மாணவர் வீட்டிலேயே எழுதி வர வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது.

சென்ற வாரம் ஒரு குறிப்பேட்டில், ‘கனமான குண்டு வேகமாக ஆடும்’ என்று பென்சிலால் எழுதியது தாள் நைந்துபோகும்படி அழிக்கப்பட்டு, அதன் மேல் நீல மையில், பெரியவர் கையெழுத்தில், ‘அலைவு நேரம் நிறையைச் சார்ந்ததன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. அலைவு நேரம் என்பது ஊசல் ஒருமுறை சென்று திரும்ப ஆகும் நேரம். விடை சரிதான், ஆசிரியருக்குத் தேவைப்பட்டதோ அழிக்கப்பட்ட வரி. வேறு சில குறிப்பேடுகளில் இதே விடை, வாட்ஸ்அப்பில் வந்த எழுத்துப் பிழையும் மாறாமல், அப்படியே இருந்தது.

கால் மீட்டர் நூலை ஒரு மீட்டராக்கினால் அலைவு நேரமும் நான்கு மடங்காகும் என்று எழுதிய பிள்ளை, ஒரு விநாடி ஏறத்தாழ இரண்டு விநாடியாக மட்டுமே கூடுவதைக் கண்டு, ஏன் என்று கேட்கிறது. திரையில் உராய்வை நீக்கினால் ஊசல் நிற்பதேயில்லை. வகுப்பில் நூலில் நட்டு கட்டி ஆட்டிவிட்டதோ சற்று நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. மாதிரி எதைக் கணக்கில் கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. விடையை முன்பே எழுதி வந்த பிள்ளைக்கு அங்கே கேட்பதற்கு எதுவும் இருப்பதில்லை.

எனவே, பொங்கல் விடுமுறைக்குப் பின் பிறர் எழுதித் தந்த கணிப்புப் பக்கங்கள் ஏற்கப்பட மாட்டா. மாணவர் ஆசிரியர் முன்னிலையில் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். இதில் விலக்கு எவருக்கும் இல்லை.

பிள்ளை தவறாக எழுதிவிடக் கூடாதே என்ற உங்கள் அக்கறையை நாங்கள் அறிவோம். சம்பா அறுவடை நெருங்கும் வேளையிலும், வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியை மாலையில் படிப்புக்கென விட்டுக்கொடுக்கும் பெற்றோர்கள் பலர். உங்கள் அனைவருக்கும் ஆசிரியர்கள் சார்பில் என் மனமார்ந்த நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்
அரசு உயர்நிலைப் பள்ளி
மன்னார்குடி வட்டம்