கூடலூர் எல்லையில் பாதியில் நிற்கும் அரிவாள் செல் சோதனை

ஆசிரியருக்கு,

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை குறித்து இந்தியாவில் வெளியான முதல் பதிவுகளில் ஒன்று 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரைப் பற்றியது. 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதாக மத்திய அரசு 2023 ஜூலையில் ஓர் இயக்கம் தொடங்கியது. நீலகிரியில் கேரள எல்லையை ஒட்டிய கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் பணியர் பழங்குடியினர் வாழும் ஊர்களில் அது எங்கே சறுக்கக்கூடும் என்பதை இப்போதே கவனிக்க வேண்டும்.

முகாமில் முதலில் செய்வது கரைதிறன் சோதனை. விரல் நுனியில் எடுத்த 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 2 மில்லி கரைசலில் கலந்து, ஐந்து நிமிடம் கழித்துக் குழாயைக் கோடு போட்ட தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார்கள். கோடு தெரிந்தால் நெகட்டிவ், கலங்கி மறைத்தால் பாசிட்டிவ். ஆனால் பாசிட்டிவ் ஆனவர் நோயாளியா, ஒற்றை மரபணுவை மட்டும் சுமப்பவரா என்பதை இந்தக் குழாய் சொல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கடும் ரத்தசோகை உள்ளவர், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு நோய் இருந்தும் கோடு தெரியலாம். கரைசலில் உள்ள டைதயோனைட் என்ற வேதிப்பொருள் காற்றுப்பட்டால் கெட்டுவிடும். திறந்த புட்டியை நாள் முழுக்க ஜீப்பில் சுமந்து செய்யும் சோதனையை நம்ப முடியாது. ஒவ்வொரு முகாமிலும் முடிவு தெரிந்த இரண்டு ரத்த மாதிரிகளை முதலில் சோதித்துவிட்டே தொடங்க வேண்டும்.

பாசிட்டிவ் ஆனவரிடம் அங்கேயே 2 மில்லி ரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, நோயாளியா சுமப்பவரா என்று பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. என்ற ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும், வரமாட்டார்கள். அது அவர்கள் தவறல்ல. தேயிலை பறிக்கப் போனவர்கள் திரும்புவது மாலையில்தான் என்பதால், பகல் 11 மணி முகாமில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள்.

பணியர் குடும்பங்கள் கேரளத்தின் வயநாட்டிலும் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. கணவன், மனைவி இருவருமே மரபணுவைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. இந்நோய்க்கான ஹைட்ராக்சியூரியா மருந்தை எடை பார்த்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சோதித்துக்கொண்டே, தினமும் கொடுக்க வேண்டும். காப்பி பறிக்கப் போன இடத்தில் மருந்து தீர்ந்தால் அங்கேயே கிடைக்க வேண்டும். ஆகவே ஹெச்.பி.எல்.சி. முடிவு, ரத்த வகை, மருந்தளவு மூன்றையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரே அட்டையை இரு மாநிலங்களும் ஏற்க வேண்டும்.

முடிவை முகாமில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறிவிக்கக் கூடாது. கல்யாணம் ஆகாத பெண்ணை அது ஊர் வாயில் போட்டுவிடும். பணிய மொழி பேசும் சுகாதாரப் பணியாளர் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லட்டும்.

– களப்பணியாளர்கள், கூடலூர்